பெரியவர் சொல் சபை ஏறட்டும்



சமூகநீதிக் கருத்தரங்கைக் கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் ஏன் வைக்கிறீர்கள், கள்ளக்குறிச்சியில் மண்டபமா இல்லை என்று சிலர் கேட்டார்களாம். இத்தனை காலம் கீழேதானே வைத்தீர்கள்? மலை மக்களின் உரிமையைப் பேச மலை மக்களைத் தவிர எல்லாரையும் அழைத்தீர்களே!

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. இந்த மலையோ 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில். ஓட்டுரிமை வந்தது 1996-இல்! 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் நாட்டின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. கல்வராயன் மலை மக்களின் நிலை என்னவென்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

நீதிமன்றம் என்றதும் இன்னொரு ஊர் நினைவுக்கு வருகிறது: மேற்கே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. சந்தன மரம் தேடுகிறோம் என்றார்கள். வீட்டை உடைத்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். அந்தப் பெண்கள் கோர்ட்டில் ஏறி நின்றார்கள். 2011-இல் தீர்ப்பு: குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர், வழக்கு முடிவதற்குள் செத்தவர் 54 பேர், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்! 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கைதட்டுங்கள், அந்தத் தாய்மாருக்காகத் தட்டுங்கள்! பட்டம் படித்தவர்களா அவர்கள்? கண்ணால் கண்டதை மாற்றாமல் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன். 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உழுகிற நிலத்துக்கு உரிமை கேட்டு மனுப் போடப் பட்டா இல்லையா, ரசீது இல்லையா, பரவாயில்லை. ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அது ஆதாரம். பழைய கிணறு ஆதாரம். உங்கள் பாட்டனைப் புதைத்த இடம் ஆதாரம்! அதில் ஏதாவது இரண்டு இருந்தால் போதும். மனுவை முதலில் வாங்க வேண்டியது கிராம சபை, ஆபீசர் அல்ல. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுகிற நிலமா என்பதுதான் கேள்வி. சாமை விதைத்த கொல்லையை உங்களைவிட யாருக்குத் தெரியும்?

"ஆதாரம் போதாது" என்று ஒரே வரியில் மனுவைத் திருப்புகிறார்களே, அந்த வரி என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது. ஏன் போதாது என்று எழுத்தில் கேளுங்கள். 60 நாளுக்குள் மேல் கமிட்டிக்குப் போகலாம். சாப்பாட்டுக்குப் பிறகு வக்கீல்கள் வாசல் திண்ணையில் உட்காருகிறார்கள். திரும்பி வந்த மனுவோடு வாருங்கள். வீட்டுப் பெரியவரையும் கூட்டி வாருங்கள், அவர் சொல்லச் சொல்ல எழுதுவோம்.