வயது வரம்பும் நம் மக்களும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வேலைக்கு வயது தடையாகலாமா, அத்தடையை நாம் எதிர்க்க வேண்டுமா என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். வயது என்னும் அந்த எண் நமக்கு எவ்வாறு வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தாமிரவருணிப் பாசனத்தில் நாற்று நட்டு வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த நாளைக் குறித்து வைத்தவர் அரியர். "பிசான அறுப்பு முடிந்த மறுவாரம் பிறந்தவன்" என்றுதான் என் அன்னையார் சொல்லுவார். பள்ளியில் சேர்க்கும் நாளன்று, வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார் ஆசிரியர். தொட்டுவிட்டேன், ஐந்து வயது நிரம்பியதாயிற்று. சூன் மாதத்து நாள் ஒன்று என் பிறந்த நாளாகப் பதிவேட்டில் ஏறியது. இந்த அவையில் பலருடைய பிறந்த நாளும் அவ்வாறு வந்ததே. அவ்வாறு வந்த எண்ணே பின்னாளில் விண்ணப்பத்தாளில் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

பள்ளிக்குச் சென்ற பின்னரும் நம் பிள்ளைகள் தொடர்ந்து படித்தார்களா? கார் நடவுக்குச் சில நாள், பிசான அறுப்புக்குச் சில நாள் வகுப்பில் இடம் வெறுமையாயிருக்கும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினால் இரண்டாண்டு கூலி வேலை. பட்டம் அஞ்சல்வழியில். தங்கை திருமணத்துக்குப் பட்ட கடன் தீர்ந்த பிறகே பி.எட். இருபத்திரண்டில் கிட்ட வேண்டிய தகுதி முப்பதில் கிட்டுகிறது. இடைப்பட்ட எட்டாண்டும் பிறர் வயலில் உழைத்தே கழிந்தன. வயது வரம்பு எல்லார்க்கும் பொதுவான விதிபோல் தோன்றினும், முதல் தலைமுறையாகப் படித்தவர்மீதே அது மிகுதியாக விழுகிறது.

இதனை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர். 1942-இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினரான அண்ணல் அம்பேத்கர், தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விளக்கி அவ்வாண்டே அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். 1943-இல் நடுவண் அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு 8.33 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதனுடன் உச்ச வயது மூன்றாண்டு உயர்த்தப்பட்டது. தேர்வுக் கட்டணம் நான்கில் ஒரு பங்காயிற்று. இடத்தை ஒதுக்கிவிட்டு வயதால் வாயிலை அடைத்தால் பயனில்லை என்பதை அன்றே கண்டனர்.

இனி, நம் காலத்து நிகழ்ச்சிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் வரையிலும் ஆசிரியர் பணியில் சேர ஒரு காலத்தில் இயன்றது. 2020 சனவரியில் வந்த அரசாணை, பட்டதாரி, முதுகலை ஆசிரியர் நியமனத்திற்குப் பொதுப் பிரிவினர்க்கு 40 என்றும் ஏனையோர்க்கு 45 என்றும் வரம்பு கட்டியது. அதே ஆண்டு மே மாதத்தில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 58-லிருந்து 59 ஆயிற்று. மறு ஆண்டு 60 ஆயிற்று. 46 வயதில் கற்பிக்கத் தொடங்கத் தகாதவர் என்று ஒருவரைத் தள்ளிவிட்டு, 59 வயதிலும் கற்பிக்கத் தக்கவர் என்று மற்றொருவரை வைத்துக்கொள்வது எவ்வகை நியாயம்?

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் 2013-இல் தம் 39-ஆம் வயதில் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினார். பகலில் தனியார் பள்ளியில் சொற்ப ஊதியம். மாலையில் நம் தெருப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடம். 2020-இல் அவருக்கு வயது 46, வாயில் அடைபட்டது. 2021-இல் ஒரு முறைச் சலுகையாக வரம்பு 45, 50 என உயர்ந்தது. 2022 இறுதியோடு அச்சலுகை முடிந்து 42, 47 ஆயிற்று. மீண்டும் அடைபட்டது. ஒரு நாள் அவர் என்னிடம், "அண்ணாச்சி, நான் படித்தது மறந்து போகவில்லை, என் வயதை மட்டும் ஏன் இவர்கள் மறக்க மாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்டார். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

2023 அக்டோபரில், சென்னையில் ஆசிரியர் அமைப்புகள் போராடிக்கொண்டிருந்த நாள்களில், வரம்பு பொதுப் பிரிவினர்க்கு 53 எனவும் ஏனையோர்க்கு 58 எனவும் உயர்த்தப்படும் என்று அரசு அறிவித்தது. அச்சகோதரி மீண்டும் தேர்வு எழுதினார். பணி இன்னும் கிட்டவில்லை. ஆயினும் தேர்வறைக்குள் செல்லும் உரிமை மீண்டது. எதிர்த்துக் கேட்டால் விதி மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது. அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு அரசுப் பணியில் சாதி, சமயம், பால், பிறப்பிடம் முதலியவற்றால் பாகுபாடு கூடாதென்கிறது; அப்பட்டியலில் வயது இல்லை. 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், 35 வயதுக்குப் பின் பணி நீட்டிப்பை நிருவாக இயக்குநரின் விருப்பத்துக்கு விட்ட விதியை உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. வயது வரம்பு கட்டுவதே தவறென்று கூறவில்லை. அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனோரைக் காக்க 1967-இலேயே தனிச்சட்டம் வந்தது. இங்கே தனியார் முதலாளி வயதைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்க அத்தகைய தனிச்சட்டம் இல்லை.

எல்லா வரம்பையும் எதிர்க்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. காவலர் பணிக்கு ஓடவும் தாண்டவும் வேண்டும். அங்கே வரம்பு பொருந்தும். கரும்பலகையின் முன் நிற்பவர்க்கு ஓட்டப் பந்தயம் எதற்கு? வேலையின் தன்மைக்கும் வரம்புக்கும் தொடர்பில்லாத இடத்திலேயே நாம் எதிர்க்க வேண்டும்.

"மூத்தோர் நுழைந்தால் இளைஞர் நிலை என்னாவது?" என்று மாணவர்கள் கேட்கக்கூடும், நேர்மையான கேள்வியே. காலியிடங்களை ஆண்டுதோறும் நிரப்பியிருந்தால் அம்மூத்தோர் தம் முப்பதிலேயே பணியில் சேர்ந்திருப்பர். தேர்வு நடவாத ஆண்டுகளுக்கு விண்ணப்பதாரரா பொறுப்பு? அண்ணனும் தம்பியும் ஒரு நாற்காலிக்காகச் சண்டையிடுவதை விட, நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை என்று இருவரும் சேர்ந்து கேட்பதே முறை. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது.

ஆகவே, கழகத்தார்க்கு மூன்று வேண்டுகோள். ஊர்தோறும் படித்து வேலையின்றி இருப்போரின் பெயர், தகுதி, வயது ஆகியவற்றைப் பதிவேடாகத் தொகுத்து வைத்தல் வேண்டும். சான்றில்லாத முறையீடு அரசின் காதில் ஏறாது. வயது வரம்பு பற்றிய ஆணை வந்தவுடனே கழகத்தின் பெயரால் விண்ணப்பமும், வேண்டுமாயின் வழக்கும் தொடுத்தல் வேண்டும். தனியொருவர் வழக்காடித் தம் சேமிப்பை இழத்தலாகாது. பிறப்பைப் பதிவதிலும் தேர்வுக்கு விண்ணப்பிப்பதிலும் நம் வீடுகளில் நாள் தவறாமை வேண்டும். பிறர் எடுத்துக்கொண்ட ஆண்டுகளோடு நாமும் ஆண்டுகளை இழக்கலாகாது.

கையை வளைத்துக் காதைத் தொட்ட பிள்ளைக்கு அன்று பள்ளியின் வாயில் திறந்தது. அவ்வாசிரியர் எழுதிய பிறந்த நாளைக் கொண்டே அப்பிள்ளையின் முன் வேறொரு வாயில் அடைபடுமாயின், அதன் முன் நாம் தலைகுனிந்து நிற்கலாகாது. ஒன்றாக நின்று தட்ட வேண்டும்.