மலைப்பாதை வளர்த்த குதிரை



நாட்டுக் கால்நடை இனங்களைப் பற்றி இரண்டு நாள் பேசப்போகிறோம். தலைமை உரைக்கென்று எனக்குத் தந்த பத்து நிமிடத்தையும் ஒரே ஒரு குதிரைக்குக் கொடுத்துவிடுகிறேன். அது லெசோத்தோ நாட்டின் பசூத்தோ குதிரை.

நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த நாடு லெசோத்தோ. அங்கே மிகத் தாழ்வான இடமே ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மலூட்டி மலைகளில் பனி கொட்டும். அங்கே பிறக்கும் குட்டிக்குக் கொட்டிலும் கிடையாது, கொள்ளும் கிடையாது. கிடைத்த புல்லை மேய்ந்து தாக்குப்பிடித்தது நிலைத்தது, மற்றது போயிற்று.

ஆனால் இதைப் பூர்விக இனம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். 1652இல் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் குடியேறிய டச்சுக் கம்பெனி, மறு ஆண்டு ஜாவாவிலிருந்து குதிரைகளைக் கப்பலில் இறக்கியது. பிறகு அராபிய, பாரசீக ரத்தம் கலந்தது. ஆங்கிலேயப் பந்தயக் குதிரையும் சேர்ந்தது. லெசோத்தோவின் செசூத்தோ மொழியில் குதிரைக்குப் பெயர் ‘பெரே’. ஆஃப்ரிகான்ஸ் மொழியின் ‘பெர்ட்’ அங்கே போய்த் தேய்ந்த உரு அது. விலங்கும் வந்தேறி, பெயரும் வந்தேறி!

1830ஐ ஒட்டித்தான் மன்னர் மொஷ்வேஷ்வேயின் பசூத்தோ மக்கள் குதிரையேறப் பழகினார்கள். இருபது ஆண்டு கழித்து, 1852 டிசம்பரில், பெரேயா மேட்டில் ஆங்கிலேயரின் ஈட்டிப்படையை ஆயிரக்கணக்கான பசூத்தோ குதிரைவீரர்கள் எதிர்த்து நின்றார்கள். ஒரே தலைமுறையில் ஒரு மக்கள் கூட்டம் குதிரைப்படையாக மாறியது எனக்கு இன்றும் வியப்புதான். அந்தப் புகழே பின்னால் வினையாயிற்று. 1899இல் போயர் போர் மூண்டதும் ராணுவங்களுக்குக் குதிரைகள் பல்லாயிரமாக விலைபோயின. போனவை நல்லவை, அதனால் இனம் நலிந்தது. 1980களில் அயர்லாந்தின் உதவியோடு இனத்தை மீட்கும் முயற்சி நடந்தது.

இந்தக் குதிரையின் நடையை ஒரு நிமிடம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். கம்பளியைத் தோளில் ஊசி குத்திப் போர்த்திய ஒருவர், முன்னால் ஒரு சோள மூட்டை, கடிவாளம் தளர்ந்து கிடக்கிறது. சரளைக் கல் இறக்கத்தில் எங்கே கால் வைப்பது என்பதைக் குதிரைதான் முடிவு செய்கிறது, அவர் குறுக்கிடுவதில்லை. பல குதிரைகளுக்கு லாடமும் இல்லை. சமதரை வந்ததும் ‘டிரிப்பிள்’ நடை: நான்கு குளம்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே விழும், சவாரி செய்பவர் சேணத்தில் தூக்கிப்போடப்படாமல் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்கப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பசூத்தோ குதிரையின் உயரம் சுமார் 14 கை, 142 சென்டிமீட்டர். உலகக் குதிரைச்சவாரிப் போட்டிகளில் 148 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டக்குதிரை. அளவுகோல் அதோடு நின்றுவிடுகிறது. உயரம் போதாதென்று வேற்றுப் பொலிகுதிரையைக் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள், குளம்பின் கடினத்தையும் காலடியின் நிதானத்தையும் எந்தக் கட்டத்தில் குறிப்பார்கள்?

அதனால் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இனத்தின் உடல் அளவு அட்டவணையைக் கடைசியில் வையுங்கள். அது எந்தத் தரையில் நடக்கிறது, எதைத் தின்கிறது, யார் அதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மணி அடிப்பதற்குள் நானே முடித்துக்கொள்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.