இரண்டு கற்கள்: நடிப்பும் பாராட்டும்



ஒருவரின் பெயரை மறக்கக் கூடாது என்பதற்காகக் கூடியிருக்கிறோம். ஆகவே இன்று இரண்டு நடிகைகளின் பெயர்களை அருகருகே வைத்துப் பேச விரும்புகிறேன். ஒருவர் மறக்கடிக்கப்பட்டவர், மற்றவர் கொண்டாடப்பட்டவர்.

கொண்டாடப்பட்டவர் ஷபனா ஆஸ்மி. மாற்று சினிமாவின் முகமாக அவரை நிறுத்தியது 1974இல் வந்த ஷியாம் பெனகலின் ‘அங்குர்’. கதை தெலங்கானா கிராமமொன்றில் நடக்கிறது. வாய் பேசாத, காது கேளாத கிஷ்டய்யாவின் மனைவி லட்சுமி, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். நிலக்கிழாரின் மகன் சூர்யாவின் வீட்டில் வேலை செய்கிறாள். அவள் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கிறான் அவன். சாதியை மீறிய இளைஞன் என்று நாம் நம்பத் தொடங்குகிறோம். அவள் கருவுற்றதும் அந்த மீறலின் எல்லை தெரிந்துவிடுகிறது. வேலை கேட்டு வரும் கிஷ்டய்யாவை, பழிவாங்க வருகிறான் என்று பயந்து சவுக்கால் அடிக்கிறான். ஓடிவந்து கணவனைத் தாங்கிப் பிடிக்கும் லட்சுமி சூர்யாவைச் சபிக்கிறாள். அதுவரை அளந்தே பேசிய குரல் அங்கே உடைந்து வெளிவருகிறது. கடைசியில் ஒரு சிறுவன் கல்லெறிய, நிலக்கிழார் வீட்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்குகிறது.

அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. பத்தாண்டு கழித்து, கௌதம் கோஷின் ‘பார்’ படத்தில் பீகாரின் தலித் கூலிப் பெண்ணாக, கர்ப்பிணியாக, கணவனோடு பன்றிக் கூட்டத்தை ஆற்றின் மறுகரைக்கு ஓட்டிச் சென்றதற்கும் தேசிய விருது. அவர் பெற்ற ஐந்து தேசிய விருதுகளில் இரண்டு ஒடுக்கப்பட்ட பெண்களாக நடித்ததற்காகக் கிடைத்தவை. தகுதியில்லாமல் கிடைத்தவை அல்ல. முற்போக்குக் கவிஞர் கைஃபி ஆஸ்மியின் மகள், புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர், அந்த உடல்மொழிக்காக உழைத்திருக்கிறார்.

மறக்கடிக்கப்பட்டவர் பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் படமான ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ படத்தின் நாயகி, தலித் பெண். நடித்தது நாயர் பெண்ணாக. திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது, அதில் நடித்தவரால் பார்வையாளராக உட்கார முடியவில்லை. தலித் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றுவதைப் பொறுக்காத கூட்டம் திரையின் மீது கல்லெறிந்தது. அவருடைய வீடும் தாக்கப்பட்டது. ஊரைவிட்டுத் தப்பிய ரோசி, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நம் தமிழ்நாட்டில்தான் வாழ்ந்து மறைந்தார்.

‘அங்குர்’ படத்தில் கல் ஆதிக்கத்தின் மீது விழுந்தது, அரங்கம் கைதட்டியது. திருவனந்தபுரத்தில் கல் ஒரு தலித் பெண்ணின் பிம்பத்தின் மீது விழுந்தது. யார் யாராக நடிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. மேலிருப்பவர் கீழே இறங்கி நடித்தால் அதற்குப் பெயர் கலை. கீழே வைக்கப்பட்டவர் மேலிருப்பவராக நடித்தால் அதற்குப் பெயர் அத்துமீறல்.

கல்லெறியும் காலம் போய்விட்டது என்று சொல்லலாம். ஆனால் பாராட்டின் மொழியைக் கவனியுங்கள். வசதியான பின்னணியிலிருந்து வரும் நடிகை சேரிப் பெண்ணாக நடித்தால், ‘என்ன பயிற்சி, என்ன அர்ப்பணிப்பு’ என்கிறோம். சேரியிலிருந்து வரும் பெண் அதே பாத்திரத்தைச் செய்தால், ‘நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறார்’ என்கிறோம். புகழ்ச்சிபோலத் தெரியும் இந்தச் சொல், அவருடைய உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. கூலி வேலையில் நம் கைத்திறனை ‘உடம்பு வாகு’ என்று சொல்லிக் குறைத்த அதே பொதுப்புத்திதான் இங்கேயும் பேசுகிறது.

நாமும் இதற்கு விலக்கல்ல. ரோசியின் பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறோம். 2023இல் கூகுள் முகப்பில் அவர் சித்திரம் வந்தபோது பகிர்ந்து மகிழ்ந்தோம். ஆனால் எப்போதும் அவரைத் துரத்தப்பட்டவராகவே பேசுகிறோம். சினிமாவுக்கு வரும் முன்பே அவர் காக்காரிசி நாடகக் கலைஞர். பாடவும் ஆடவும் மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடவும் கற்றவர். கேமராவின் முன்னால் தற்செயலாக வந்து நின்றவர் அல்ல. அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை. அவர் எப்படித் திரும்பினார், எப்படிச் சிரித்தார் என்று எழுத வழியில்லை. அவர் உயிர் தப்பியது. ஆனால் அவருடைய நடிப்பு, மதிப்பிடப்படும் உரிமையை இழந்தது. அவருக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதிகளில் இதுவும் ஒன்று என்பேன்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் விமர்சனம் எழுதுகிறீர்கள். இனி நம் பெண்கள் திரைக்கு வரும்போது அவர்களுடைய கதையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். குரலை எங்கே தாழ்த்தினார், மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்கினார், எந்தக் காட்சியில் தடுமாறினார் என்று எழுதுங்கள். குறையிருந்தால் குறையையும் எழுதுங்கள். அனுதாபம் வேண்டாம், கலைஞருக்குரிய மதிப்பீடு போதும். அவர்களை வழக்கறிஞராக, அரசியாக, காதலியாக, நாயர் பெண்ணாகவும் நடிக்க அழைக்கும் கதைகளை எழுதுங்கள்.

ரோசிக்குக் கிடைக்காத விமர்சனத்தை அடுத்து வருகிறவருக்காவது எழுதிவைப்போம்.