நோயின் பெயரும் நோயாளியின் நலமும்
(திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிணியின் பெயரைப் பிழைபட உணரின், பிணியையும் பிழைபடவே உணர்வோம். அக்கினித் தலத்தில் வாழும் நம்மவருட் பலர், ‘இரத்தக் கொதிப்பு’ என்றதும் உடற்சூட்டையே நினைக்கின்றனர். மோரும் இளநீரும் பருகி, சூடு தணிந்ததெனக் கருதி மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இரத்தம் கொதிப்பதில்லை, அது தன் குழாய்களின் சுவரை மிகுதியாக அழுத்துவதே அந்நோய். ஆதலின் ‘உயர் இரத்த அழுத்தம்’ என்பதே தக்க பெயர். தலைவலி, மயக்கம் முதலிய குறிகள் இன்றியும் அது மறைந்திருந்து மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

அவ்வாறே, ‘சர்க்கரை வியாதி’ என்னும் பெயர் கேட்டுச் சர்க்கரையை மட்டும் விலக்கி, சோற்றை வரையின்றி உண்பாரும் உளர். அச்சோறும் உடலிற் சர்க்கரையாகவே மாறுகின்றது.

இவற்றை விளக்கத் தமிழிற் சொல் இல்லையென்பார் கூற்றுப் பொருந்தாது. 1847-இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். பிறநாட்டார் ஒருவர் அங்ஙனம் செய்தாராயின், ‘இதன் பொருள் யாது?’ என நம் வைத்தியரை வினவ நாம் நாணுவதேன்?

அன்பர்களே! நோயின் பெயர், மருந்துண்ணும் வேளை, உண்ணவேண்டிய காலம் ஆகிய மூன்றையும் தமிழிற் கேட்டறிமின். வைத்தியர் கூறாது மருந்தை நிறுத்தற்க. இல்லத்து முதியோர்க்கும் இதனை எடுத்துரைப்பீராக.