பிணியும் பணியும்: பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் சுப்பிரமணிய சிவா மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 40. அந்நாளில் அவ்வூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். விடுதலை வீரர் என்றும் அனல் தெறிக்கும் பேச்சாளர் என்றும் நாடு அவரைப் போற்றுகிறது. ஆயினும், அவர்தம் இதழ்ப்பணி முழுவதும் தீராத நோயொன்றைச் சுமந்துகொண்டே செய்யப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சிவா, 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யுடன் நின்று ஆலைத் தொழிலாளர்க்காகக் குரல் கொடுத்தார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் சிறைப்பட்டனர். 1912 நவம்பரில் சிவா விடுதலை பெற்றபோது, சிறைவாழ்வில் பற்றிய தொழுநோயும் அவருடனே வெளியில் வந்தது.

இந்நோய் சாபமன்று, முன்வினைப் பயனுமன்று. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே அதன் நுண்கிருமியைக் கண்டறிந்துவிட்டார். கிருமி உடலிற் புகுந்து நோய் வெளிப்பட 5 ஆண்டும் ஆகலாம். 20 ஆண்டும் ஆகலாம். தோலையும் நரம்பையும் பற்றி நிற்கும் நெடுநாள் அழற்சி அது. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போரிலேயே நரம்பு வீங்கி நலிகிறது. நரம்பு நலிந்தால் உணர்ச்சி மரத்துப்போகிறது. அடுப்பின் சூட்டையும் காலில் தைத்த முள்ளையும் அறியாத உடல் புண்படுகிறது. சிவாவின் காலத்தில் நீரடிமுத்து எண்ணெயைத் தவிர மருத்துவர் கையில் சொல்லத்தக்க மருந்து ஏதுமில்லை.

மருந்தில்லாத அந்நிலையில் அவர் நம்பிக்கையை எங்கே கண்டார்? பணியிலே கண்டார். விடுதலைக்கு மறு ஆண்டே, 1913இல், 'ஞானபாநு' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' அவ்விதழில்தான் வெளிவந்தது. வ.உ.சி.யும் அதில் எழுதினார். வடசொல் கலவாத தமிழில் கட்டுரை எழுதுவோர்க்கு 5 ரூபாய் பரிசு என்று 1915இல் சிவா அறிவிக்க, மொழி பற்றிய வாதம் சூடு பிடித்தது. நோயாளிக்கு ஓய்வே உரியது என்று உலகம் ஒதுக்கிவைக்கும் நிலையில், தமிழின் போக்கைப் பற்றி வழக்காடும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நோயைக் காட்டி அரசு அவரை இரயிலில் ஏறவிடாமல் தடுத்தது. அவர் கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். 1921இல் மீண்டும் சிறை. அதன்பின் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப முனைந்தார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஊரால் விலக்கப்படும் நோயைத் தாங்கியவர், எவரையும் விலக்காத கோயிலொன்றைக் கனவு கண்டார். அவர் வாழ்நாளில் அக்கோயில் எழவில்லை.

இதனை நலம் பெறுதல் எனலாமா? உடல் நலம் பெறவில்லை என்பதே உண்மை. மனவுறுதி மருந்துக்கு ஈடாகாது. அவர்தம் உறுதியைப் பாடி வேதனையை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. ஆனால் நலம் என்பது இருவகைப்படும்: புண் ஆறுவது ஒன்று, மனிதர் நடுவே மனிதராய் இருப்பது மற்றொன்று. முதலாவது அவருக்குக் கிட்டவில்லை. இரண்டாவதை அவர் எவரிடமும் இரந்து பெறாமல் தாமே எடுத்துக்கொண்டார்.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து முறை 1981இல் வகுக்கப்பட்டது. 6 திங்களோ 12 திங்களோ உண்டால் நோய் குணமாகிறது, மருந்தும் இலவசம். புண்ணை ஆற்ற வழி பிறந்துவிட்டது. விலக்கோ எளிதில் ஆறவில்லை. தொழுநோயாளரை ஒதுக்கிவைக்க ஆங்கிலேயர் 1898இல் இயற்றிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. மருந்து வந்தபின் 35 ஆண்டுகள்! தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் சட்டப்பிரிவுகள் 2019இல்தான் அகன்றன.

சட்டத்திலிருந்து அகன்றது கவிதையிலிருந்து அகன்றதா? 'சமூகத்தின் தொழுநோய்' என்று சாதியையும் ஊழலையும் சாடும் உவமை இன்றும் மேடைகளில் கைதட்டல் பெறுகிறது. மருந்துண்டு குணமடைந்தவர் ஒருவர் அவையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பாரேல், அவ்வொரு சொல்லால் மீண்டும் நோயாளியாகித் தலைகுனிவார். தேமலில் உணர்ச்சி மரத்திருப்பதை அறிந்த இளைஞர் ஒருவர், அச்சொல்லுக்கு அஞ்சியே ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலை மிதிக்காமல் இருந்துவிடக்கூடும். தாமதத்தின் விலை அவருடைய கைவிரல்கள்.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் இவ்வட்டத்தின் கவிஞர்களால் மாத்திரை வழங்க இயலாது. அந்த உவமையைக் கைவிட இயலும். பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து மறைந்த இதழாசிரியருக்கு, அவர் பிணி சுமந்து வளர்த்த தமிழால் செய்யத்தக்க நன்றி அதுவேயாகும்.