நோய் தீர்க்கும் பொடியா, கூலி பறிக்கும் பொடியா?

(பெரும்பாறை தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றிப் பேசும் மேடையில் இன்று சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுகிறோம். போராடி வாங்கிய கூலி எவன் பைக்குப் போகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.

இது பணக்காரர் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. அத்தனை பேரும் பங்களாவாசிகளா? காப்பிப் பழம் பறிப்பவரும், திண்டுக்கல் பக்கத்து மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவரும் அதில் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகிறது. அந்தக் கஷ்டத்தில்தான் பொடி வியாபாரி நுழைகிறான். வியாதி அடியோடு போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று டப்பாவை நீட்டுகிறான். அதை நம்பி மாத்திரையை விட்டவருக்குக் கண் மங்குகிறது, சிறுநீரகம் கெடுகிறது, காலில் பட்ட முள் ஆறாத புண்ணாகிறது. கால் போனால் மலைத் தொழிலாளிக்குப் பிழைப்பு ஏது?

மூலிகையை நாம் பழிக்கவில்லை. இந்த வியாதிக்கு டாக்டர்கள் முதலில் எழுதிக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையின் கதையே ஐரோப்பிய நாட்டு வைத்தியர்கள் கையாண்ட ஒரு செடியில் தொடங்குகிறது. அந்தச் செடியின் சத்து சர்க்கரையைக் குறைத்தது. கூடவே விஷமாகவும் இருந்தது. விஞ்ஞானிகள் அதற்கு உறவான, விஷம் குறைந்த பொருளைத் தயாரித்தார்கள். 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். டப்பாப் பொடிக்கு இந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள்!

சோதனை இல்லாத சரக்கில் என்னென்ன இருக்கும்? 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளைச் சோதித்தார்கள். 14-ல் ஈயம், பாதரசம், பாஷாணம் இவற்றில் ஏதாவது இருந்தது. 2008-ல் சிங்கப்பூரில், ஆண்மை மருந்து என்று விற்ற சரக்கில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரையின் மருந்தைக் கலந்திருந்தார்கள். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கே சர்க்கரை அளவு கடுமையாக இறங்கி, 4 பேர் மாண்டார்கள்.

அப்படிப்பட்ட கலப்படப் பொடியை, டாக்டர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும்? வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். மிளகு பறிக்க ஏணியில் நிற்கிறவரும் மில்லில் ஓடும் மெஷின் அருகே நிற்கிறவரும் என்ன ஆவார்கள்? நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்க மருந்து கொடுத்துக் குடலைக் குழாய் விட்டுப் பார்ப்பதானாலும், ஆபரேஷன் ஆனாலும், என்ன பொடி சாப்பிடுகிறோம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட வேண்டாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் விளம்பரங்கள் நின்றபாடில்லை. இந்திய மருத்துவச் சங்கம் 2022-ல் வழக்குப் போட்ட பிறகுதான், 2024-ல் பதஞ்சலி நிறுவனம் தன் விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. பத்திரிகைகளிலும் மன்னிப்பு அச்சிட்டது. பெரிய கம்பெனியை அசைக்கவே இத்தனை பாடு!

1923-ல் டொரண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மருந்து மக்கள் சொத்து என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே தோழர்களே, டாக்டரைக் கேட்காமல் ஒருவரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருந்தை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழக சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மலையில் கடைசி லயன் வீடு வரைக்கும் மருந்து மாதம் தவறாமல் வர வேண்டும். ரத்தச் சோதனை வேலை முடிந்த நேரத்தில் நடக்க வேண்டும். சோதனைக்குப் போன நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பொய் விளம்பரக்காரன் மீது 1954 சட்டம் பாய வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் கையெழுத்து வாங்க, நாளை முதல் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வருகிறோம். அதுவரை டப்பாவுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்!