திட்ட மேலாளரின் பக்கத்து மேஜை
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து லிஃப்டில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும், "சென்னையில இன்ஜினியரிங் கம்பெனியில இருந்தீங்களே, என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்கிறீர்கள். நான் இன்ஜினியர் இல்லை. அரூரில் பள்ளிப் படிப்பு, பிறகு பி.காம். மொரப்பூரில் ரயில் ஏறிப் போய், திட்ட மேலாளர்களுக்கு உதவியாக 26 வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

உங்கள் வீட்டுக் குழாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவிக்கறை படிந்தவர்கள் நம் தலைமுறையில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதற்காக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்க விழா. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர்.

அந்தத் திட்டத்தில் நான் வேலை செய்யவில்லை. ஆனால் அந்த மாதிரி வேலை எப்படி நடக்கும் என்று தெரியும். குழாய் ஒரு கான்ட்ராக்டர், பம்ப் இன்னொருவர், கரன்ட் வேறொருவர். ரோட்டைத் தோண்ட ஒரு துறையின் அனுமதி, காட்டு வழியே போக இன்னொரு துறையின் அனுமதி. இத்தனையையும் திட்ட மேலாளர் ஒருவரே தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அவருக்குப் பக்கத்து மேஜையில் ஒருவர் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: டாக்குமென்ட் கன்ட்ரோலர், பிராஜெக்ட் கோஆர்டினேட்டர், பிளானிங் இன்ஜினியர்.

வேலை என்ன? எந்த வரைபடம், அதில் எத்தனையாவது திருத்தம், யாருக்கு, எந்தத் தேதியில் போனது என்ற பதிவேடு. கூட்டம் முடிந்ததும் "என்ன செய்யணும், யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்" என்ற குறிப்பு. தாமதம் ஏற்பட்டால் உடனே கடிதம். இந்தக் கடிதத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சர்வதேச ஒப்பந்தங்களில் பரவலாக உள்ள ஃபிடிக் விதிகளில், கூடுதல் நாளோ பணமோ கேட்க 28 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கேட்கும் உரிமை போய்விடலாம்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சேர்ந்த மூன்றாம் வருடம். ஒரு பம்ப் ஹவுஸ் வேலை. பம்பின் மாடல் மாறியதால் அஸ்திவார போல்ட்டின் இடமும் மாறியது. திருத்திய வரைபடத்தை சைட்டுக்கு அனுப்பி, பதிவேட்டிலும் எழுதினேன். பழைய பிரதியைத் திரும்ப வாங்கவில்லை. மேஸ்திரி கையில் இருந்தது பழையது. கான்கிரீட் போட்டாயிற்று. இரண்டு அஸ்திவாரத்தை உடைத்துத் திரும்பப் போட்டார்கள்.

ஆய்வுக் கூட்டத்தில் "யார் தவறு?" என்று கேட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. என் மேலாளர் எழுந்து, "என் தவறு, சார்" என்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை. வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அனுப்பிட்டேன்னு எழுதியிருக்கம்மா. போய்ச் சேர்ந்துச்சான்னு எங்க எழுதியிருக்க?"

அதற்குப் பிறகு, பழைய பிரதியைக் கையெழுத்தோடு திரும்ப வாங்காமல் புதியதைக் கொடுத்ததில்லை. வாங்கிய பழையதில் "ரத்து" முத்திரை. அனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை, போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் வேலை. 26 வருடத்தில் நான் கற்ற பெரிய பாடம் இது.

பெற்றோருக்கு: டிப்ளமோ, பி.காம்., பி.இ. எதைப் படித்தவரும் இந்த வேலைக்கு வரலாம். எக்செல் நன்றாகத் தெரியணும், பிழையில்லாமல் கடிதம் எழுதணும். பிறகு பிரைமாவெரா, எம்.எஸ். பிராஜெக்ட். பட்டம் இல்லாதவர்களும் எழுதக்கூடிய கேப்ம் என்ற சான்றிதழ்த் தேர்வை பி.எம்.ஐ. அமைப்பு நடத்துகிறது, 23 மணி நேரப் பயிற்சி வேண்டும். கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் பில் போடும் நேரத்தில் வீடு திரும்ப ராத்திரி ஆகும். திறப்பு விழா போட்டோவில் உங்கள் பிள்ளை இருக்கமாட்டாள். ஆனால் வேலை தெரிந்தவளை எந்த மேலாளரும் லேசில் விடமாட்டார்.

கடைசியாக நமக்கு. போன மாதம் இரண்டாம் மாடியில் தண்ணீர் கசிந்தபோது குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று இடத்தில் சுவரை உடைத்தோம். கட்டி முடித்தபடி உள்ள குழாய், ஒயரிங் வரைபடங்களை பில்டரிடம் எழுத்தில் கேட்போம். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தீயணைப்புக் கருவி இரண்டின் காலாவதித் தேதிகளை ஒரே நோட்டில் எழுதுவோம். நம் கூட்டக் குறிப்பிலும் "யார், எந்தத் தேதிக்குள்" என்று இரண்டு கட்டம் போடுவோம்.

அந்த நோட்டை முதல் வருடம் நான் எழுதுகிறேன். கூட ஒரு கல்லூரிப் பிள்ளை வந்தால் சொல்லித் தருகிறேன்.